விலாசமும் பெறுபேறும்

(கட்டுகஸ்தோட்டையில் பெற்றோரும் ஆசிரியரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்க விண்ணப்பம் நிரப்பிய அனுபவம் இந்த அவையில் பாதிப்பேருக்காவது இருக்கும். ஒரு கோப்பு நிறையக் கடதாசி சேர்த்திருப்பீர்கள். வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் எத்தனை ஆண்டாக இருக்கிறது, குடியிருக்கும் வீட்டுக்கு உறுதி இருக்கிறதா, மின்சாரப் பட்டியல் யார் பெயரில் வருகிறது, தண்ணீர்ப் பட்டியல் யார் பெயரில் வருகிறது என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. வீட்டிலிருந்து பாடசாலைக்கு நேர்கோடு போட்டு அளப்பார்கள். இடையில் பிள்ளையைச் சேர்க்கக்கூடிய வேறு பாடசாலை இருந்தால் அதற்கொரு கழிவு. கல்வி அமைச்சின் சுற்றறிக்கைப்படி ஒரு பாடசாலையின் முதலாம் தர இடங்களில் 50 சதவீதம் அருகில் குடியிருப்போரின் பிள்ளைகளுக்கு. 25 சதவீதம் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு, 15 சதவீதம் ஏற்கெனவே படிக்கும் பிள்ளையின் தம்பி தங்கைக்கு. மிச்சம் சின்னச் சின்னப் பிரிவுகளுக்கு.

இந்த முறை நியாயமானது என்று தோன்றும். பக்கத்துப் பிள்ளைக்குப் பக்கத்துப் பாடசாலை என்பதை யார் மறுப்பார்கள்? ஆனால் பேர் பெற்ற பாடசாலையின் பக்கத்தில் காணி வாங்கவும் வாடகைக்கு இருக்கவும் யாரால் முடியும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். அதே விண்ணப்பத்தை ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். லயம் கம்பனிக்குரியது, உறுதி கிடையாது. தண்ணீர் மலை ஊற்றிலிருந்து குழாயில் வருகிறது, பட்டியல் கிடையாது. மாநகர சபை தொழிலாளருக்குக் கொடுத்த குடியிருப்பிலும் இதே கதைதான். மூன்று தலைமுறை ஒரே காம்பராவில் இருந்திருப்பார்கள், அந்த விண்ணப்பத்தின்படி அவர்கள் எங்கேயும் குடியிருக்கவில்லை.

ஐந்து வயதிலேயே விலாசத்துக்குப் புள்ளி போட்டு வரிசைப்படுத்துகிற நாடு இது. அந்த விலாசம் அதற்குப் பிறகும் பிள்ளையின் படிப்பில் என்ன வேலை செய்கிறது, செய்கிற சேதத்துக்கு அரசு எந்த அளவில் ஈடு கொடுக்கிறது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

படிப்பு ஏறாத பிள்ளையைப் பற்றி ஆசிரியர் அறையில் பேச்சு வந்தால் நமக்கு உடனே குடும்பம்தான் கண்ணில் படும். அப்பன் குடிகாரன், அம்மா மத்திய கிழக்குக்குப் போய்விட்டாள், பாட்டி வளர்க்கிறாள், பிள்ளை எப்படிப் படிக்கும்? இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இதோடு பேச்சை முடித்துவிட்டால் ஒரு பெரிய விஷயம் விடுபட்டுப் போகிறது. ஒரே மாதிரியான இரண்டு குடும்பங்களை எடுங்கள். அதே வருமானம், அதே படிப்பு, அதே அக்கறை. ஒன்று வசதியுள்ள தெருவில் இருக்கிறது, மற்றது எல்லாமே குறைவாக உள்ள குடியிருப்பில் இருக்கிறது. இரண்டு வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே பெறுபேறு வருமா?

1991இல் கத்தரின் கார்னர், ஸ்டீபன் ரோடன்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியைத்தான் ஸ்காட்லாந்தில் ஒரு கல்வி ஆட்சிப் பகுதிக்குள் வைத்துக் கேட்டார்கள். பிள்ளையின் முந்தைய திறன், குடும்பப் பின்னணி, படித்த பாடசாலை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துச் சமப்படுத்தினார்கள். அதற்குப் பிறகும் வறிய குடியிருப்பிலிருந்து வந்த பிள்ளையின் பெறுபேறு கீழேதான் நின்றது. குடும்பத்தின் பங்கைக் கழித்த பின்னும், பாடசாலையின் பங்கைக் கழித்த பின்னும் எஞ்சி நிற்கும் ஒன்று உண்டு, அது குடியிருப்பின் பங்கு. அது மிகப் பெரியது என்று அவர்கள் சொல்லவில்லை. இல்லாததுபோல் நடக்க முடியாது என்றார்கள்.

இதில் ஒரு சந்தேகம் எழும். வசதி குறைந்த இடத்துக்குப் போய்ச் சேரும் குடும்பமே ஏதோ ஒரு வகையில் வேறுபட்டதாக இருக்கலாமே? அமெரிக்க அரசு 1994இல் பொஸ்டன், பால்டிமோர், சிக்காகோ, நியூயோர்க், லொஸ் ஏஞ்சலிஸ் ஆகிய ஐந்து நகரங்களில் இதைச் சோதித்துப் பார்த்தது. அரச தொடர்மாடிகளில் இருந்த ஏழைக் குடும்பங்களில் குலுக்கல் போட்டு, விழுந்தவர்களுக்கு வறுமை குறைந்த பகுதியில் வீடெடுக்க வாடகை உதவி கொடுத்தார்கள். முதல் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பிள்ளைகளின் வாசிப்பிலும் கணிதத்திலும் பெரிய மாற்றம் தெரியவில்லை. பலர் எழுதி முடித்துவிட்டார்கள், இடம் மாறுவதால் பயனில்லை என்று. பிறகு 2015இல் ராஜ் செட்டியும் அவரோடு இருந்த ஆய்வாளர்களும் அதே பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போன பின் கணக்கெடுத்தார்கள். 13 வயதுக்கு முன் இடம் மாறிய பிள்ளைகளின் வருமானம் மாறாதவர்களுடையதைவிட ஏறக்குறைய 31 சதவீதம் கூடுதலாக இருந்தது. பல்கலைக்கழகம் போனவர்களும் அதிகம். 13 வயதைத் தாண்டி மாறியவர்களுக்கு அந்த நன்மை இல்லை, கொஞ்சம் பாதகமும் இருந்தது. குடியிருப்பின் பாதிப்பு ஆண்டாண்டாகச் சேர்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. நடுவில் வந்து ஒரு நாளில் அதைக் கழுவிவிட முடியாது.

சரி, நம் பக்கம் வருவோம்.

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் ஏறினால் சில நிமிடத்தில் மஹியாவை. கண்டி நகரைச் சுத்தம் செய்யத் தமிழ்நாட்டிலிருந்து ஆங்கிலேயர் கொண்டுவந்து குடியேற்றிய தொழிலாளரின் வழித்தோன்றல்கள் அங்கே இருக்கிறார்கள். தலதா மாளிகை வீதியைப் பெரஹரா முடிந்த இரவில் கூட்டுகிறவர்கள் அவர்கள்தான். நகரத்தின் குப்பை அவர்கள் கையால் லொறியேறி, நம் கட்டுகஸ்தோட்டைக்குப் பக்கத்தில் மகாவலிக் கரையிலுள்ள கொஹாகொடையில் போய்க் கொட்டப்படுகிறது. ஆக, கண்டியின் அழுக்குக்கு இரண்டு விலாசங்கள் உண்டு. ஒன்றில் அதை அள்ளுகிறவர்கள் வாழ்கிறார்கள், மற்றதில் அந்த நாற்றத்தை மூக்கில் ஏற்றுக்கொள்கிறவர்கள் வாழ்கிறார்கள். இரண்டு இடத்திலிருந்தும் பிள்ளைகள் பாடசாலைக்குப் போகிறார்கள்.

மஹியாவைப் பிள்ளைகள் சிலரிடம் வீடு எங்கே என்று கேட்டால் "கட்டுகஸ்தோட்டை வீதி" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். பொய் இல்லை, வீதி அதுதான். ஆனால் ஊர்ப் பெயரைச் சொல்ல நாக்கு எழாது. சொன்னால் என்ன வேலை, என்ன சாதி என்ற இரண்டு கேள்விக்கும் அதிலேயே பதில் இருக்கிறது என்று பத்து வயதிலேயே அந்தப் பிள்ளைக்குத் தெரியும். இலங்கையில் சாதி பற்றி 2009இல் காலிங்க டியூடர் சில்வா, பி. பி. சிவப்பிரகாசம், பரம்சோதி தங்கேஸ் மூவரும் செய்த ஆய்வில் கண்டித் துப்புரவுத் தொழிலாளரின் நிலை தனியாகப் பேசப்பட்டிருக்கிறது. மலையகத்தில் சாதி இல்லை, எல்லாம் யாழ்ப்பாணத்தில்தான் என்று மேடையில் பேசுகிறவர்கள் அதை ஒருமுறை படிக்க வேண்டும்.

ஒரு விலாசத்தை வகுப்பறையில் உரக்கச் சொல்வதால் மட்டும் பிள்ளையின் மூளை மந்தமாகுமா என்று கேட்பீர்கள். உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களில் கார்லா ஹொஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளியலாளர்கள் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்கள் அறுநூறு பேருக்கு மேல் சேர்த்து ஒரு சோதனை நடத்தினார்கள். பாதிப்பேர் உயர்சாதி என்று சொல்லப்படுவோர், பாதிப்பேர் ஒடுக்கப்பட்டோர். சிக்கல் வழிப் படம் கொடுத்து வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். சாதி பற்றிய பேச்சே எடுக்காதபோது இரு சாராரும் சமமாகச் செய்தார்கள். தொடங்குமுன் ஒவ்வொருவரின் பெயரையும் சாதியையும் எல்லார் முன்னும் வாசித்தபோது ஒடுக்கப்பட்ட பிள்ளைகளின் கை தளர்ந்துவிட்டது. அதே பிள்ளை, அதே படம், அதே நிமிடங்கள். ஆசிரியர்களே, "அந்தப் பக்கத்துப் பிள்ளையா?" என்று பதிவேட்டைப் பார்த்துக் கேட்கும்போது நாமும் அந்த வாசிப்பைத்தான் செய்கிறோம்.

இன்னொன்று, வேலை. மாநகர சபை வேலை தகப்பனுக்குப் பின் மகனுக்கு, தாய்க்குப் பின் மகளுக்கு என்று போகும் குடியிருப்பில், சாதாரண தரத்தோடு நின்ற அண்ணனுக்கும் அதே வேலை, எட்டாம் தரத்தில் நின்றவனுக்கும் அதே வேலை. பிறகு எதற்கு மூன்று வருடம் கூடுதலாகப் பஸ்ஸில் தொங்க வேண்டும்? படித்து மேலே போன ஒருவர் அந்தத் தெருவிலேயே இருந்து காலையில் சப்பாத்துப் போட்டு வேலைக்குப் போவதைப் பிள்ளை நாளும் பார்த்திருந்தால் கணக்கு வேறாகியிருக்கும். ஆனால் மேலே போனவர் முதலில் செய்கிற காரியம் அந்த விலாசத்தை விட்டுப் போவதுதான். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

இப்போது மலைக்கு ஏறுவோம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் முதல் வணிகத் தேயிலையை நட்ட லூல்கந்துரை கண்டி மாவட்டத்துத் தெல்தோட்டைப் பக்கத்தில்தான் இருக்கிறது. தேயிலை என்றால் நுவரெலியா, ஹட்டன் என்று பேசிப் பழகிவிட்டோம், அது தொடங்கிய இடம் நம் மாவட்டம். கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, நாவலப்பிட்டிச் சுற்றுவட்டம், மடுல்கலை, ரங்கலை என்று தோட்டங்கள் இன்றும் பரந்து கிடக்கின்றன. பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு மேலே ஹந்தானையில் கூட லயங்கள் உண்டு. அங்கிருந்து பார்த்தால் பல்கலைக்கழகக் கட்டடங்கள் கீழே தெரியும். கண்ணுக்குத் தெரிகிற தூரம் அது. கால் போய்ச் சேருகிற தூரம் வேறு.

தோட்டத்துப் பிள்ளையின் கல்வி தொடக்கத்திலிருந்தே நாட்டின் கல்விக்கு வெளியே கட்டப்பட்டது. 1907ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 10 வயதுவரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் கடமையைத் தோட்டத்துரையின் தலையில் வைத்தது. கொழுந்தெடுக்க ஆள் தேவைப்படுகிறவரே அந்த ஆளின் பிள்ளையைப் படிப்பிக்கவும் வேண்டும்! என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு மடுவம், ஒரு ஆசிரியர், ஒரே கூரையின் கீழ் எல்லா வகுப்பும். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கர 1945 அக்டோபரில் இலவசக் கல்வியைக் கொண்டுவந்து, நகரத்துக்கு வெளியே மத்திய கல்லூரிகளை நிறுவி, கிராமத்துப் பிள்ளைக்குக் கதவைத் திறந்தார். அவருக்கு நாடே கடன்பட்டிருக்கிறது. ஆனால் தோட்டப் பாடசாலைகள் அந்த வீட்டுக்கு வெளியேதான் நின்றன. மூன்றாண்டு கழித்து 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து பெற்றோரையே நாட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டது. 1970களின் பிற்பகுதியில்தான் தோட்டப் பாடசாலைகளை அரசு பெருமளவில் பொறுப்பேற்கத் தொடங்கியது. சுவீடன், ஜெர்மனி நாடுகளின் உதவியோடு கட்டடங்கள் எழுந்தன. பிறகு ஆசிரியர் பயிற்சிக்கு ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது. இலவசக் கல்வி என்ற ஓட்டத்தில் நாம் முப்பது ஆண்டு பிந்தி ஓடத் தொடங்கினோம்.

இன்றைய நிலையை ஒரு மாலைப் பொழுதில் வைத்துப் பாருங்கள். அம்மா கொழுந்து நிறுத்து முடித்து, விறகோடு வீடு சேர ஐந்து மணி தாண்டிவிடும். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, அதையே மறைத்து அடுப்படி. ஏழு மணிக்குப் பிள்ளை கட்டில்மேல் கொப்பியை வைத்து எழுத உட்காருகிறான். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் தொலைக்காட்சியில் நாடகம் ஓடுகிறது. இந்த வீட்டில் அணைத்தாலும் அந்த வீட்டில் ஓடும். இரண்டு வாசல் தள்ளி ஒரு குடிச் சண்டை நடந்தால் லயம் முழுக்க அதைக் கேட்டாக வேண்டும். இந்த வீட்டு அப்பா ஒரு சொட்டுக் குடிக்காதவராக இருக்கலாம். அம்மா பிள்ளையின் படிப்புக்காக நகையை அடகு வைத்தவளாக இருக்கலாம். ஆனாலும் பன்னிரண்டு காம்பராவின் இரைச்சல் அவர்களுடைய பிள்ளையின் கொப்பிக்குள் இறங்குகிறது. குடியிருப்பின் பங்கு என்று ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் கண்டதை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன்.

அடுத்தது பாடசாலை. நாட்டில் பத்தாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட அரச பாடசாலைகள் இருக்கின்றன. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு நடத்தும் 1ஏபி வகை அவற்றில் பத்தில் ஒன்று அளவுதான். தோட்டத்துக்குப் பக்கத்திலிருப்பது பெரும்பாலும் ஐந்தாம் தரம் அல்லது பதினோராம் தரத்தோடு முடியும். விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்ட பிள்ளை பதினாறு வயதில் ஊரை விட்டே போக வேண்டும். கட்டுகஸ்தோட்டைச் சந்தியில் எத்தனை டியூஷன் பதாகை தொங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். இரசாயனவியலுக்கு ஒருவர், பௌதிகவியலுக்கு ஒருவர், படம் போட்டு, பட்டம் போட்டு. பணம் ஒருபக்கம் இருக்கட்டும், ரங்கலையிலிருந்து வந்த பிள்ளை மாலை ஆறரைக்கு வகுப்பு முடிந்தால் எந்த பஸ்ஸில் மேலே போகும்?

முத்தையா முரளிதரனைப் பாருங்கள் என்று இந்த இடத்தில் யாராவது சொல்வார்கள். நம் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரி மாணவர், தோட்ட வேலைக்கு வந்த தாத்தாவின் பேரன், உலகத்தையே சுழற்றியவர். நானும் பெருமைப்படுகிறேன். ஆனால் அவர் தந்தை கண்டியில் பிஸ்கட் தொழில் நடத்தியவர். தாத்தாவுக்கும் பேரனுக்கும் இடையில் ஒரு தலைமுறை விலாசத்தை மாற்றிக்கொண்டது. திறமையில்லாமல் அவர் அந்த உயரத்துக்குப் போயிருக்க முடியாது. லயத்திலேயே இருந்திருந்தால் அந்தத் திறமை 1854இல் தொடங்கிய ஒரு கல்லூரியின் பந்துவீச்சுப் பயிற்சியாளர் கண்ணில் பட்டிருக்குமா என்பதே கேள்வி.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான இடம். பின்தங்கிய பிள்ளைக்கு இந்த நாடு ஈடு கொடுக்காமலில்லை. கொடுக்கிறது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலின் வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிக்கு மொழி வேறு. பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்ப, எஞ்சிய 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா அதில் உண்டு, பதுளை உண்டு, இரத்தினபுரி உண்டு. கண்டி இல்லை, மாத்தளையும் இல்லை.

கண்டியை ஏன் சேர்க்கவில்லை என்று அதிகாரிகளைக் கேட்டால் சிரிப்பார்கள். திரித்துவக் கல்லூரி, தர்மராஜ, கிங்ஸ்வூட், மகாமாயா, பெண்கள் உயர்தரப் பாடசாலை எல்லாம் இருக்கிற மாவட்டமா பின்தங்கியது? மாவட்டத்தை மொத்தமாக எடுத்தால் அவர்கள் சொல்வது சரிதான். 2012 கணக்கெடுப்பின்படி சுமார் 13.75 இலட்சம் மக்கள், பல்கலைக்கழகம், பெரிய வைத்தியசாலை எல்லாம் இருக்கின்றன. ஆனால் புசல்லாவைத் தோட்டத்துப் பிள்ளை இந்தக் கல்லூரிகளின் மாணவரோடு ஒரே பானையிலிருந்து பங்கு பிரிக்க வேண்டியிருக்கிறது. அதே பாதையில் மேலே போய் றம்பொடையில் படித்தால் அது நுவரெலியா மாவட்டம், பின்தங்கிய மாவட்டச் சலுகை உண்டு. இரண்டு பிள்ளைக்கும் ஒரே மாதிரி லயம், ஒரே மாதிரிச் சம்பளம், ஒரே மாதிரி மழை. நடுவில் வரைபடத்தில் ஒரு கோடு. நாவலப்பிட்டிக்கும் கினிகத்தேனைக்கும் இடையிலும் இதே கோடு ஓடுகிறது. தெல்தோட்டைக்கும் ரிக்கில்லகஸ்கடைக்கும் இடையிலும் ஓடுகிறது.

மறுபக்கமும் உண்டு. பின்தங்கிய மாவட்டத்து நகர நடுவில் வசதியான வீட்டில் வளர்ந்து, நல்ல பாடசாலையில் படித்து, கொழும்பிலிருந்து வரும் ஆசிரியரிடம் டியூஷன் எடுத்த பிள்ளையும் அதே 5 சதவீதத்தில் நுழைகிறது. நுவரெலியாத் தோட்டத்துப் பிள்ளை அந்தப் பிள்ளையோடு போட்டியிட வேண்டும். சலுகையைப் பிழை என்று நான் சொல்லவில்லை, அளவுகோல் மிகப் பெரியது என்கிறேன். 2019ஆம் ஆண்டு வீட்டு வருமான, செலவுக் கணக்கெடுப்பில் நாட்டின் வறுமை விகிதம் 14.3 சதவீதம். நகரத் துறையில் 6, தோட்டத் துறையில் 51.3. இந்த வித்தியாசம் மாவட்டத்துக்கும் மாவட்டத்துக்கும் இடையில் இருப்பதைவிட, ஒரே மாவட்டத்துக்குள் ஒரு மலைக்கும் அடுத்த சந்திக்கும் இடையில்தான் கூர்மையாக இருக்கிறது. மஹியாவை நகரத் துறைக்குள் கணக்காகிறது என்பதையும் மறக்க வேண்டாம். அந்த 6 சதவீதம் என்ற அழகான எண்ணுக்குள் அது கரைந்து போகிறது.

பிள்ளையைச் சேர்க்கும்போது அரசு வீட்டு வாசல்வரை வந்து மீற்றர் கணக்கில் அளக்கிறது. ஈடு கொடுக்கும்போது மாத்திரம் மாவட்ட எல்லையில் நின்றுவிடுகிறது. வசதியுள்ளவனுக்கு விலாசம் புள்ளி தருகிறது, வசதியில்லாதவனின் விலாசம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. இதை நான் அநீதி என்றே சொல்வேன்.

செய்யக்கூடியது இல்லாமலா? தமிழ்நாட்டில் 2020இல் மருத்துவக் கல்லூரி அனுமதியில் 7.5 சதவீதத்தை ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு ஒதுக்கினார்கள். மாவட்டத்தைப் பார்க்கவில்லை, பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தது என்று பார்த்தார்கள். அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலம் 1997இல் சட்டம் போட்டு ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியிலும் முதல் பத்து சதவீதத்தினருக்கு அரச பல்கலைக்கழகக் கதவைத் திறந்தது. எந்தக் குடியிருப்புப் பள்ளியானாலும் அதன் முதல் வரிசைக்கு இடமுண்டு என்றது. நம் 5 சதவீதத்தை மாவட்டத்திலிருந்து பாடசாலைக்கும் கிராம சேவகர் பிரிவுக்கும் இறக்குவது முடியாத காரியமா? நாட்டில் பதினான்காயிரத்துக்கு மேற்பட்ட கிராம சேவகர் பிரிவுகள் உண்டு. நிவாரணம் கொடுக்க அவற்றைக் கணக்கெடுக்கத் தெரிந்த அரசுக்குக் கல்விக்காகக் கணக்கெடுக்கத் தெரியாதா? ஏமாற்றுவார்கள், விலாசத்தை மாற்றிப் பதிவார்கள் என்பார்கள். முதலாம் தர அனுமதிக்கு இப்போது யாரும் மாற்றாமலா இருக்கிறார்கள்?

கொழும்பு முடிவெடுக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலையும் ஒன்று உண்டு. கொரோனாக் காலத்தில் பாடசாலை மூடிக் கிடந்த பின், தமிழ்நாடு 2021இல் இல்லம் தேடிக் கல்வி என்றொரு திட்டம் தொடங்கியது. அந்தந்தத் தெருவிலேயே உள்ள படித்த பெண்கள் மாலையில் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளை உட்கார வைத்துப் படிப்பித்தார்கள். மாதம் ஆயிரம் ரூபா ஊக்கத்தொகை, ஏறக்குறைய இரண்டு இலட்சம் தன்னார்வலர்கள். கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கிராமங்களில் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்ததில், இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு பாடசாலை திறந்து ஆறு மாதத்துக்குள் மீண்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்று கணக்கிட்டார்கள். அவர்கள் பிள்ளையைக் குடியிருப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகவில்லை. குடியிருப்புக்குள்ளேயே ஓர் அமைதியான இடத்தையும் ஓர் அக்காவையும் உண்டாக்கிக் கொடுத்தார்கள்.

நம் புலமைப்பரிசில் செய்வது நேர்மாறான வேலை. பத்து வயதில் கெட்டிக்காரப் பிள்ளையைப் பொறுக்கி எடுத்து நகரத்துக்கு அனுப்புகிறது. அந்தப் பிள்ளைக்கு நல்லதுதான். ஆனால் அதனோடு அக்கறையுள்ள பெற்றோரும் பாடசாலையை விட்டுப் போகிறார்கள். மாணவர் தொகை குறைகிறது, ஆசிரியர் இடமாற்றம் கேட்கிறார், கடைசியில் பாடசாலையை மூடலாமா என்று கடிதம் வருகிறது. மிச்சமுள்ள இருபது பிள்ளைகளைப் பற்றி யாரும் சொற்பொழிவு செய்வதில்லை.

கட்டுகஸ்தோட்டைக் கல்வி வலயத்து அதிகாரிகள் சிலர் இந்த அவையில் இருப்பதால் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். சாதாரண தரப் பெறுபேற்றைப் பாடசாலைவாரியாக வெளியிடுகிறீர்கள். அடுத்த முறை பிள்ளையின் பெயரை மறைத்துவிட்டு, கிராம சேவகர் பிரிவுவாரியாகவும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். எந்த மலை, எந்தத் தெரு விழுகிறது என்று தெரிந்தால்தான் ஆசிரியரை எங்கே அனுப்புவது என்று தெரியும். பெறுபேறு மோசமான குடியிருப்புக்கு அனுபவமுள்ள ஆசிரியரை அனுப்புங்கள். தண்டனை இடமாற்றம் பெற்றவரை அனுப்பும் வழக்கத்தை நிறுத்துங்கள்.

மற்றவர்களுக்கு என் கோரிக்கை சின்னது. கோயில் மண்டபம், பள்ளிவாசல் மண்டபம், விகாரையின் அறநெறிப் பாடசாலைக் கட்டடம், சனசமூக நிலையம் என்று இந்தப் பகுதியில் பூட்டிக் கிடக்கும் கூரைகள் நிறைய உண்டு. உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை மாதக்கணக்கில் வீட்டிலிருக்கும் பிள்ளைகள் உங்கள் வீடுகளில் உண்டு. மஹியாவையில் ஒன்று, கொஹாகொடைப் பக்கம் ஒன்று, தோட்ட டிவிஷனில் ஒன்று என்று மூன்று இடத்தில் மாலை ஆறு முதல் எட்டுவரை விளக்கெரியும் ஒரு மண்டபமும் நாலைந்து மேசையும் ஓர் அக்காவோ அண்ணனோ இருந்தால் போதும். சாவி வைத்திருப்பவர்களும் நேரம் தரக்கூடியவர்களும் கூட்டம் முடிந்ததும் வாசலிலுள்ள கொப்பியில் பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.